ஆள்காட்டி ஏன் அயர்ன் பிடித்தவனைத் துரத்துகிறது

அந்தக் காலத்தில் புல்லுக்கும் வாய் இருந்தது, பறவைக்கும் வாய் இருந்தது. மனிதனுக்குக் காதுகூட இருந்தது. அதை அவன் எதற்கு வைத்திருந்தான் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒரு மலைச்சரிவில் பெரிய புல்வெளி. அங்கே தினமும் இரண்டு பேர் கோல்ஃப் ஆட வருவார்கள். சின்ன வெள்ளைப் பந்தை அடித்து அடித்து, எங்கேயோ தொலைவில் இருக்கும் குழிக்குள் தள்ள வேண்டும். அதற்கு இரும்புத் தலை வைத்த கோல் ஒன்று உண்டு. அயர்ன் என்பார்கள்.

ஒருவர் வரதப்பன், தேயிலைத் தோட்டத்து மேனேஜர். அவர் அயர்னை ஓங்கினால் பந்தைத் தொடும் முன்பே இரும்பு மண்ணில் இறங்கிவிடும். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் புல் பத்தை ஒன்று வேரும் மண்ணுமாகப் பெயர்ந்து பறக்கும். பந்து எங்கே போனது என்று பார்ப்பாரே தவிர, பத்தை எங்கே விழுந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. வெயிலில் கிடந்து அது காய்ந்து சருகாகும். பெயர்ந்த இடம் குழியாகவே கிடக்கும்.

"மண்ணு பறக்கோணும் வாத்தியாரே! அப்பத்தான் அது அடி" என்பார்.

வாத்தியார் என்றால் ஞானாபரணம். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். அவருடைய அயர்ன் புல்லின் நுனியைத் தடவிக்கொண்டு போகும். மண்ணைத் தொடவே தொடாது.

"மண்ணைத் தோண்ட மம்பட்டி போதுமே, மேனேஜரே! முப்பது வருஷமா ஆடுறேன். ஒரு புல்லை நோகடிச்சதில்ல" என்பார்.

மண்ணை எடுக்கணும் என்பார் இவர், கூடாது என்பார் அவர். கடைசிக் குழி வரை இந்தச் சண்டைதான். அக்கிரமத்தைக் கேளுங்கள்: யாருடைய தோலை உரிப்பது என்று இத்தனை வாய்ச்சண்டையோ, அந்தப் புல்லிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று இரண்டு பெரிய மனிதர்களுக்கும் தோன்றவில்லை.

அந்தப் புல்வெளியின் நடுவே ஓர் ஆள்காட்டி குடியிருந்தது. மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்புத் தோல். மரத்தில் கூடு கட்டத் தெரியாத பறவை. வெறும் தரையில் கொஞ்சம் கூழாங்கல்லைச் சுற்றி வைத்து, நடுவில் நான்கு முட்டை இட்டிருந்தது. அப்போதெல்லாம் அதற்குக் குரலே எழும்பாது. பக்கத்தில் போய் நின்றால்தான் அது பேசுவது காதில் விழும்.

ஒருநாள் வரதப்பன் அடித்த அடியில் பெயர்ந்த பத்தை ஒன்று பறந்து வந்து, முட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஆள்காட்டிக்கு உயிரே போய்விட்டது. விறுவிறுவென்று ஓடி வந்து பந்துக்கு முன்னால் நின்றது.

"ஐயா, இது உங்களுக்கே நல்லா இருக்குங்களா? இன்னும் ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தா என் நாலு பிள்ளைங்களும் மண்ணுக்குள்ள போயிருக்கும். இனிமே ஒரு புல்லைக்கூடப் பெயர்க்கமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. பண்ணாம நகரமாட்டேன்."

"பறவைக்குத் தெரியுது, உமக்குத் தெரியலையே" என்று வாத்தியார் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

வரதப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சரி, இந்த அயர்ன் மேல ஆணை. இனி மண்ணைத் தொடமாட்டேன், போதுமா?" என்றார்.

அப்போது காலடியிலிருந்து புல் மெதுவாகக் கேட்டது. "நானும் ஒரு வார்த்தை சொல்லலாமுங்களா?"

"நீ சும்மா இரு. உனக்காகவும் சேர்த்துத்தான் பேசியிருக்கேன்" என்றது ஆள்காட்டி. மனிதர்களோடு பழகினால் பறவைக்கும் அந்தப் புத்தி வந்துவிடும்போல.

மறுநாள் வரதப்பன் சத்தியத்தை நினைத்துக்கொண்டே அயர்னை ஓங்கினார். எங்கே மண்ணில் பட்டுவிடுமோ என்று பயம். இரும்பு கீழே வரும் நேரத்தில் கையைத் தூக்கிக்கொண்டார். அயர்னின் கூர் விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டது. பந்து எழும்பவே இல்லை. கணுக்கால் உயரத்தில் சீறிக்கொண்டு போனது, நேராக அந்தக் கூழாங்கல் வட்டத்துக்குள்.

மூன்று முட்டைகள் நொறுங்கிவிட்டன. ஒன்றுதான் மிச்சம்.

ஆள்காட்டி ஓடி வந்து பார்த்தது. உடைந்த முட்டை ஓடுகளை மூக்கால் ஒட்டவைக்கப் பார்த்தது. ஒட்டுமா?

வரதப்பன் அயர்னைக் கீழே போட்டுவிட்டு நின்றார். வாத்தியாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் விதி" என்றார்.

விதியாம்! அடித்தது இவர்கள், பழி விதியின் தலையில்!

அன்றுவரை எழும்பாத ஆள்காட்டியின் குரல் அப்போது எழுந்தது. மலையின் அந்தப் பக்கம் வரை கேட்டது.

"விதியா? நேத்து மண்ணை எடுத்தீங்க, நான் செத்துப் பொழச்சேன். இன்னிக்கு எடுக்கமாட்டேன்னீங்க, என் பிள்ளைங்க செத்துப்போச்சு. உங்க விளையாட்டுக்கு இன்னும் எத்தனை பேரு சாகணும்? சொல்லுங்க!"

"என்னை ஏன் திட்டுற? என் பந்து என்னிக்காவது தரையில ஓடியிருக்கா?" என்றார் வாத்தியார்.

அதற்குமேல் புல்லுக்குப் பொறுக்கவில்லை.

"ஓடாதுங்க, எப்படி ஓடும்? யாரும் பார்க்காதப்ப செருப்பு நுனியால பந்தைத் தள்ளி, என் தலைமேல உக்கார வெச்சுத்தானே அடிக்கிறீங்க! பந்து கெடந்த எடத்துல கெடந்தபடியே ஒருநாள் அடிச்சிருக்கீங்களா?"

வாத்தியார் செருப்புக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இப்பவாவது நான் சொல்றதைக் கேளுங்க" என்றது புல். "என்னைத் தொடவே கூடாதுன்னு நான் சொன்னேனா? எடுங்க. ஆனா முதல்ல பந்து, அப்புறம்தான் நான். பந்தைத் தொட்ட பிறகு, பந்து இருந்த எடத்துக்கு அந்தப் பக்கமா, தோசை கனத்துக்கு எடுங்க. பந்து தானா மேல போகும். பெயர்ந்ததை ஈரம் காயறதுக்குள்ள நீங்களே எடுத்து வந்து, அதே குழியில வெச்சு, உங்க காலாலயே அழுத்தி மிதிங்க. பத்து நாள்ல வேர் புடிச்சுக்குவேன். எடுத்ததுக்காக நான் அழலைங்க. விட்டுட்டுப் போனீங்களே, அதுக்குத்தான் அழுதேன்."

வரதப்பன் அயர்னை எடுத்தார். பந்தைப் பார்த்தார், பந்தை மட்டும் பார்த்தார். இரும்பு முதலில் பந்தைத் தொட்டது, பிறகு மண்ணைச் சீவியது. பந்து ஆள்காட்டியின் தலைக்கு மேல், பனை உயரத்துக்கு எழும்பிப் போய்க் குழிக்குப் பக்கத்தில் விழுந்தது. மெல்லிய பத்தை ஒன்று பெயர்ந்து கிடந்தது.

இப்படி ஓர் அடி அவர் பிறந்ததிலிருந்து அடித்ததில்லை. வாயெல்லாம் பல்லாக, பந்தின் பின்னாலேயே நடக்கத் தொடங்கிவிட்டார். புல் சொன்னதன் ஈரம்கூடக் காதில் காயவில்லை, அதற்குள் மறந்துபோயிற்று!

ஆள்காட்டி ஒற்றை முட்டையை விட்டு எழுந்தது. அவர் தலைக்கு மேல் பறந்து, இறக்கை முடியில் உரசும்படி தாழ்ந்து கத்தியது.

"வெச்சிட்டியா? வெச்சிட்டியா?"

'நீங்க'வும் போச்சு, 'ஐயா'வும் போச்சு. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு மரியாதை எதற்கு?

வரதப்பன் திரும்பி வந்தார். குனிந்து பத்தையை எடுத்தார். குழியில் பொருத்தி, காலால் மிதித்தார்.

"இனிமே மறக்கமாட்டோம்" என்றார்கள் இருவரும்.

புல் பாவம், மனிதன் சொன்னதை நம்பிவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று வாயை மூடிக்கொண்டது. பிறகு திறக்கவே இல்லை. ஆள்காட்டி நம்பவில்லை.

அன்று முதல்தான் அயர்ன் பிடித்தவன் பந்தை முதலிலும் மண்ணைப் பிறகும் தொடுகிறான். பெயர்த்த புல்லைத் தானே வைத்துத் தானே மிதிக்கிறான். அன்று முதல்தான் புல்வெளியில் எந்த மனிதனைக் கண்டாலும், அவன் வைத்தவனா விட்டுப்போனவனா என்று பார்க்காமல், ஆள்காட்டி அவன் தலைக்கு மேல் பறந்து கத்துகிறது. மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் ஆளைப் பார்த்துச் சந்தேகப்படுவதில்லை, எல்லோரையும்தான் சந்தேகப்படுகிறாள்.