பத்தொன்பது கோல்களின் விலை

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை வைத்திருந்த சீனிராஜ், தன் ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு ஹாக்கி அணியை வாங்கினார். அந்த ஊரில் ஹாக்கி தெரியாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தக் கொஞ்சப் பேரில் அவரும் ஒருவர்.

புதிதாகத் தொடங்கிய தொழில்முறை லீக்கில் எட்டு அணிகள். முதல் ஆட்டத்தன்று அவர் முன்வரிசையில் எழுந்து நின்று, ஆஃப்சைடு என்று நடுவரைப் பார்த்துக் கத்தினார். அந்த விதியை ஹாக்கியிலிருந்து எடுத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது என்று பின்வரிசையில் இருந்த பெண் பணிவாகச் சொன்னாள். அவருடைய ஆலையிலேயே வேலை செய்கிறவள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அது உறுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்தார். அணியின் பயிற்சியாளர் எமல்டா. நாற்பத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர் என்பதால் ஊருக்கே அவர் டீச்சர்.

"எனக்கு இந்த ஆட்டத்தை அ, ஆவிலிருந்து சொல்லித் தரணும், டீச்சர்."

"முதலாளிக்குப் பாடம் எடுத்து எனக்குப் பழக்கமில்ல, அண்ணாச்சி."

"இந்தக் கேட்டுக்கு வெளியதான் நான் முதலாளி."

டீச்சர் மைதானத்தின் மறுகோடியைக் காட்டினார். கோல் வலைக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். வெளியே வரும் பந்தையெல்லாம் பொறுக்கி உள்ளே போட வேண்டும். ஒரு மாதத்துக்கு அதுதான் பாடம்.

சீனிராஜ் போட்டார். இரண்டாம் வாரம் சட்டைப் பொத்தான் சிரமமில்லாமல் மாட்டியது. மூன்றாம் வாரம், அடிக்கிறவனின் தோளைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடிந்தது. மாதம் முடிந்த பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை.

அந்த வருஷம் அணி ஆறாவது இடத்தில் முடிந்தது.

ஆலையில் பாதிப் பங்கு அவருடைய தம்பி கண்ணபிரானுக்கு. தம்பி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் முதல் நான்கு இடத்துக்குள் வராவிட்டால் அணியை விற்றுவிட வேண்டும். வாங்குவதற்கு வெளியூரில் ஆள் தயாராக இருந்தது. அணி அங்கே போனால் ஊர்ப் பையன்களில் பாதிப் பேருக்கு அதில் இடமிருக்காது. எமல்டா டீச்சருக்கும் இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் ஜஸ்கரன் சிங்கின் ஒப்பந்தம் முடிந்தது. பஞ்சாபைச் சேர்ந்தவர். பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து எறிவதில் லீக்கிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. முந்தின வருஷம் மட்டும் பத்தொன்பது கோல். இனி எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலையில் அவர் இருந்தார். கூப்பிடுகிறவர்கள்தான் பெரிய தொகையாகப் பேச வேண்டும்.

சீனிராஜ் டீச்சரிடம் வந்தார்.

"பெரிய பணம் போட்டு ஒரு ஆளை எடுத்தா, பலன் உண்டா இல்லையா?"

 டீச்சர் தன் மடிக்கணினியைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அதில் ஜஸ்கரன் போட்ட பத்தொன்பது கோலும் வரிசையாக இருந்தன.

"எல்லாத்தையும் பாருங்க. ஜஸ்கரனை மட்டும் பாக்காதீங்க."

சீனிராஜ் பார்த்தார். இருபது நிமிஷம் ஆயிற்று.

"என்ன பாத்தீங்க?"

"கோல். ஒவ்வொண்ணும் இடி மாதிரி இறங்குது."

"சரி," என்று டீச்சர் மடிக்கணினியை மூடிவிட்டார்.

சீனிராஜ் ஜஸ்கரனை இரண்டு வருஷத்துக்கு எடுத்தார். அதற்கு இடம் பண்ண, பழைய ஆட்டக்காரர்கள் மூன்று பேரை விடவேண்டியிருந்தது. பட்டியலைப் பார்த்த டீச்சர் ஒரே ஒரு பெயரில் விரலை வைத்தார்.

"லூர்துசாமியை விட வேண்டாம், அண்ணாச்சி."

"அவன் போன வருஷம் எத்தனை கோல் போட்டான்?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் என்ன?"

டீச்சர் விரலை எடுத்துக்கொண்டார். சீனிராஜ் கையெழுத்துப் போட்டார். லூர்துசாமி யார் என்று முகம்கூட அவருக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

ஜஸ்கரன் ரயிலிலிருந்து இறங்கியபோது மேளம் வைத்து வரவேற்றார்கள். வந்தவர் நல்ல மனிதர். பெரிய ஆள் என்ற தோரணை கிடையாது. கடலைமிட்டாய்க் கடையில் நின்று குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டார். ஆலைப் பெண்கள் அவர் பெயரை ஜசுகரன் ஆக்கி, பிறகு ஜசு ஆக்கினார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது.

முதல் ஐந்து ஆட்டங்களில் அவர் போட்டது ஒரே கோல். அணி நான்கில் தோற்றது.

பந்து ஒருமுறை கம்பத்துக்கு மேலே போயிற்று. ஒருமுறை பக்கவாட்டில் போயிற்று. பல முறை அவரால் அதை எறியவே முடியவில்லை. அரங்கில் இருந்தவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் கேலி செய்தார்கள். பெயருக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்தது. ஜஸ்கரன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, பயிற்சி முடிந்த பிறகும் தனியே நின்று எறிந்துகொண்டிருந்தார். தனியே எறியும்போது ஒன்றுகூடத் தவறவில்லை. அதுதான் அவருக்கே புரியாத விஷயமாக இருந்தது.

ஆறாவது ஆட்டத்துக்கு முன்னால், கண்ணபிரான் அண்ணனைக் கூப்பிட்டு இரண்டில் ஒன்று முடிவு செய்யச் சொன்னார். ஜஸ்கரனை அனுப்பிவிடலாம், அல்லது இன்னொரு பெரிய ஆளைக் கொண்டுவரலாம். சீனிராஜ் நேரே மைதானத்துக்கு வந்தார்.

"நான் ஏமாந்துட்டேன், டீச்சர்."

"காலுக்குக் காப்புக் கட்டிக்கிடுங்க," என்றார் டீச்சர்.

பெனால்டி கார்னரில் மூன்று பேர் வேலை செய்வார்கள். ஒருவர் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவார். கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் அரைவட்டத்துக்கு வெளியே ஒருவர் குனிந்து, மட்டையைத் தரையோடு கிடத்தி அதை நிறுத்துவார். மூன்றாமவர் ஓடிவந்து அந்தப் பந்தை இழுத்து வலைக்குள் எறிவார். அந்த நடு இடத்தில் டீச்சர் சீனிராஜைக் குனிய வைத்தார்.

பந்தை டீச்சரே தள்ளிவிட்டார். அது மட்டை மேல் ஏறிக் குதித்து அவர் முழங்காலுக்குக் கீழே அடித்தது. இரண்டாவது பந்து மட்டைக்கு அடியில் நுழைந்து போயிற்று. மூன்றாவது விரலில் பட்டது. ஒவ்வொரு முறையும் ஜஸ்கரன் நான்கைந்து எட்டு ஓடிவந்து, பந்து இல்லாத இடத்தில் நின்றார். முகத்தைச் சுளிக்காமல் திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் நின்றுகொண்டார்.

பன்னிரண்டாவது பந்து நின்றது. சீனிராஜ் நிமிர்ந்து பெருமையோடு பார்த்தார். ஜஸ்கரன் ஓடிவந்தார், கடைசி எட்டில் காலை மாற்றி வைத்தார், எறிந்தார். பந்து வலைக்கு வெளியே போயிற்று.

"நான் நிறுத்திட்டேன். அந்தத் தம்பிதான் தவறவிட்டுது," என்றார் சீனிராஜ்.

டீச்சர் பக்கத்தில் வந்தார்.

"அவன் ஓட ஆரம்பிச்சப்போ பந்து எங்க இருந்துச்சு, அண்ணாச்சி?"

"வந்துகிட்டு இருந்துச்சு."

"அப்போ எதைப் பாத்து ஓடுனான்?"

சீனிராஜ் தன் மட்டை கிடந்த இடத்தைப் பார்த்தார்.  விரல் வலித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை அவராகவே மடிக்கணினியைக் கேட்டு வாங்கினார். பத்தொன்பது கோலையும் மறுபடி பார்த்தார். இந்தமுறை ஜஸ்கரன் அவர் கண்ணில் படவேயில்லை. குனிந்திருக்கும் ஒரு குட்டையான ஆளைத்தான் பார்த்தார். பத்தொன்பது தடவையும் அந்த ஆள் பந்தை ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தான். பதினாறாவதில் பந்து துள்ளித் துள்ளி வந்தது. அதைப் பூனைக்குட்டியைத் தடவுவதுபோல் அமுக்கிவிட்டு, ஜஸ்கரன் வருவதற்குள் விலகிக்கொண்டான். கோல் விழுந்ததும் எல்லாரும் ஜஸ்கரன் மேல் போய் விழுந்தார்கள். அவன் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஜஸ்கரனிடம் அந்த ஆள் யார் என்று கேட்டார். டீச்சர் இந்தியில் கேட்டுச் சொன்னார். பிக்ரம் என்று பெயராம். எட்டு வருஷம் இருவரும் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். அவருடைய ஒப்பந்தமும் அதே மாதம்தான் முடிந்தது. யாரும் கூப்பிடவில்லை. காவல்துறையில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

"நம்ம அணியில இந்த வேலையைப் பாத்தது யாரு?" என்று கேட்டார் சீனிராஜ்.

"லூர்துசாமி," என்றார் டீச்சர்.

அவன் போன பிறகு, ஒவ்வோர் ஆட்டத்திலும் வெவ்வேறு ஆள் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அந்த வேலையில் பிரியமில்லை. அடி படும், பெயர் வராது.

சீனிராஜ் அன்றைக்கே தூத்துக்குடிக்குப் போனார். லூர்துசாமி அங்கே ஒரு துறைமுக நிறுவனத்தின் அணியில் சேர்ந்திருந்தான். அவர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும், முதலில் காபி குடிங்க அண்ணாச்சி என்று உட்கார வைத்தான். திரும்பி வர முடியாது, வேலை நிரந்தரமாகப் போகிறது என்றான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேறு யாருக்காவது சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டான். பெட்ரோலுக்குக்கூடக் கையை நீட்டவில்லை.

கற்றுக்கொள்ள ஆள் வேண்டுமே. டீச்சர் அணியைக் கூட்டிக் கேட்டபோது எல்லாரும் மட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிரகதுரை மட்டும் கையைத் தூக்கினான். இருபத்தேழு வயது. மாற்று ஆட்டக்காரனாகப் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். பெஞ்சில் சும்மா உட்கார்ந்து கால் மரத்துப்போவதற்கு இதில் அடிபடுவது மேல் என்று சொன்னான்.

ஆறாவது ஆட்டத்திலிருந்து அவன்தான் நிறுத்தினான். ஒரு நாளைக்கு இருநூறு பந்து. ஜஸ்கரனுக்குத் தமிழ் வராது, கிரகதுரைக்கு இந்தி வராது. பந்து இரண்டு விரல் தள்ளி நின்றால் ஜஸ்கரன் காலணி நுனியால் சரியான இடத்தைத் தொட்டுக் காட்டுவார். கிரகதுரை தலையாட்டுவான். சீனிராஜ் வலைக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போட்டார். முதல் வாரம் நிறையப் பொறுக்க வேண்டியிருந்தது. போகப்போக அவருக்கு வேலை குறைந்தது.

ஆறும் ஏழும் தோல்வி. எட்டாவது டிரா. ஒன்பதாவது ஆட்டத்தில் ஜஸ்கரன் இரண்டு கோல் போட்டார். இரண்டாவது விழுந்ததும், அவர் மேல் விழ ஓடிவந்தவர்களை விலக்கிவிட்டு ஓடிப்போய்க் கிரகதுரையைத் தூக்கிக்கொண்டார். அரங்கில் இருந்த ஆலைப் பெண்களுக்கு அந்தப் பையன் யார் என்று தெரியவில்லை. சீனிராஜ் வரிசை வரிசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மிச்ச ஆட்டங்களை எல்லாம் ஜெயித்து, அணி நான்காவது இடத்தில் முடிந்தது. அரையிறுதியில் ஒரு கோலில் தோற்றது. ஜஸ்கரனின் கணக்கில் அந்த வருஷம் பதினொரு கோல். பத்தொன்பது இல்லை என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். கண்ணபிரான் விற்பதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அடுத்த வருஷத்துக்கு முன்வரிசையில் தனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து, காலைப் பயிற்சிக்குச் சீனிராஜ் வேர்த்து விறுவிறுத்து வந்தார். கிரகதுரையின் ஒரு வருஷ ஒப்பந்தம் முடிந்திருந்தது. லீக்கில் முதலிடம் பிடித்த அணி அவனைக் கேட்டிருந்தது. அவன் இதுவரை கேள்விப்பட்டிராத தொகை. அந்த வருஷம் அவன் போட்ட கோல் ஒன்றுமில்லை.

கிரகதுரை மறைக்கவில்லை. தானே வந்து சொன்னான் என்றும், வீட்டில் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று போனான் என்றும் சீனிராஜ் சொன்னார்.

"நான் போன வருஷம் செஞ்சதை இப்போ அவங்க செய்யுறாங்க, டீச்சர்."

"ஆமா."

"அவங்ககிட்ட ஜஸ்கரன் இல்ல. யாருக்காக நிறுத்தப் போறான்?"

"அதை அவங்க வாங்குன பிறகுதான் யோசிப்பாங்க."

சீனிராஜ் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கிற்று. மைதானத்தின் மறுகோடியில் கிரகதுரை குனிந்திருந்தான். ஜஸ்கரன் ஓடிவந்து எறிந்தார். பந்து வலையில் மோதும் சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

"அவனை விடக் கூடாது. அவங்க சொன்னதையே நானும் சொல்லலாமா, கூடச் சொல்லலாமா? அவன் எவ்வளவு பெறுவான்னு எனக்கு அளக்கத் தெரியல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

டீச்சர் கழுத்திலிருந்த விசிலை வாயருகே கொண்டுபோனவர், ஊதாமல் நிறுத்தினார்.

"என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க, அண்ணாச்சி? ஜஸ்கரன்கிட்ட போய்க் கேளுங்க."