ரா தேவன் தூணில் இரண்டு பெயர்கள்

முன்னொரு காலத்தில் எகிப்து நாட்டை மெர்க்கா என்னும் அரசர் ஆண்டார். நாள்தோறும் இருளை வென்று உதிக்கும் சூரிய தேவன் ராவுக்குக் கோயில் வாசலில் ஒற்றைக்கல் தூண் நடுவதாக அவர் நேர்ந்துகொண்டார். மலையில் கல்லை வெட்டி, நான்கு பக்கமும் தம் பெயரைப் பொறித்து, நைல் நதியில் படகேற்றிக் கொண்டுவந்தும் சேர்த்தார். நிமிர்த்துவதற்குள் கண்ணை மூடிவிட்டார்.

அடுத்து அரியணை ஏறியவன் தம்பி நெக்தூ. கல் வெட்டிய காலத்தில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மகானுபாவன். வந்ததும் முதல் வேலையாக, படுத்துக் கிடந்த தூணிலிருந்து அண்ணன் பெயரை உளியால் கொத்தி எடுக்கச் சொன்னான்.

மெர்க்காவின் மகள் ஹெனுத்துக்குச் செய்தி எட்டியது. இறந்தவரின் பெயர் எங்காவது இருக்கும்வரைதான் அவருக்கு மறுவுலக வாழ்வு என்பது அந்த நாட்டு நம்பிக்கை. பெயர் அழிந்தால் அது இரண்டாம் சாவு.

கோயிலுக்கு ஓடினாள். "சித்தப்பா, கூடப் பிறந்தவரை இன்னொரு தடவை கொல்றீங்களே, வெட்கமா இல்லையா?"

"நிமிர்த்தப் போறது நான். என் பெயர்தான் நிக்கும்" என்றான் நெக்தூ.

தலைமைப் பூசாரி ஹாபு நடுவில் புகுந்தார். நேர்ந்தவர் பெயரே இல்லாமல் நட்டால் தெய்வக் குற்றம். அரசனைப் பகைக்கவும் பயம். "பெயர் பொறிக்கத் தூணில் ஆளுக்கு ஓர் இடம் கேளுங்கள்" என்றார்.

நெக்தூ அடிப்பாகத்தைக் கேட்டான். வாசலில் நுழைகிறவர் கண்ணுக்கு நேராக, கைக்கு எட்டும் உயரம். ஹெனுத், அப்பா பெயருக்கு, பொன் தகடு போர்த்தும் கூர் உச்சியைக் கேட்டாள்.

நெக்தூ விழுந்து விழுந்து சிரித்தான். "அவ்வளவு உயரத்துல யாரும்மா படிப்பா, பருந்தா?"

"படிக்கிறவர் படிக்கட்டும்" என்றாள் ஹெனுத்.

கேட்டபடியே பொறித்தார்கள். தூண் நிமிர்ந்தது. ஊரே அடியில் இருந்த பெயரைப் படித்து நெக்தூவைப் புகழ்ந்தது. அண்ணாந்தவர்களுக்குப் பொன்னின் பளபளப்பில் கண் கூசியதே தவிர, ஓர் எழுத்தும் தெரியவில்லை. பார்த்தவர்களுக்கு அநியாயம் ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இருவரில் சரியான இடத்தைக் கேட்டது யார்?

விடை: ஹெனுத்தான். தூண் நட்டது ஊராருக்காக அல்ல, சூரியனுக்காக. விடியலின் முதல் கதிர் உச்சியில்தான் விழும். மெர்க்காவின் பெயரைப் படித்த பிறகே வெளிச்சம் கீழே இறங்கும். நெக்தூவுக்குப் பின் வந்த அரசனும், நெக்தூ காட்டிய வழியிலேயே உளியைக் கையில் எடுத்தான். அவன் கைக்கு எட்டியது அடிப்பாகம் மட்டுமே.