சிலிக்கானில் எழுதிய பேர்

தென்காசிப் பக்கம் ஒரு புதுக் கல்யாண மண்டபம். கட்டி முடிப்பதற்குள் சுவரெல்லாம் விரிசல். அடைக்க எந்தப் பாலிமர் பசை என்று கேட்டால் இன்ஜினியர் வரதராஜனுக்கு ஒரே பதில்: கடையில் எது விலை கூடுதலோ அதுதான்.

"சிலிக்கான் வச்சு அடை. மேல நீலப் பெயிண்ட் அடி. ஒரு கோடு தெரிஞ்சாலும் உனக்கு இங்க வேலை கிடையாது."

"சிலிக்கான் மேல பெயிண்ட் பிடிக்காது சார். சுவருக்கு அக்ரிலிக் பசைதான் சரி" என்றாள் பெயிண்டர் பேச்சித்தாய்.

"பிரஷ் பிடிக்கிறவ எனக்கே பாடம் எடுக்கியா?"

பேச்சித்தாயின் விரல் சும்மா இருக்கவில்லை. நிறமில்லாத சிலிக்கானைத் தொட்டு, வாசல் பக்கத்து வெள்ளைச் சுவரில் அவர் பேரையே எழுதிக் காயவிட்டாள். யார் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் மண்டப முதலாளி பார்த்து நிற்க, அதன்மேல் நீலத்தை இழுத்தாள். பெயிண்ட் சுருங்கி விலகியது. 'வரதராஜன்' என்று பளிச்சென்று வெள்ளையாய் எழுந்தது.

"இன்னொரு கோட்டு அடி!" என்று அலறினார் இன்ஜினியர். அடித்தாள். மூன்றாவதும் அடித்தாள். பேர் அசையவில்லை.

"விரிசல் பூரா இப்படித்தான் இளிக்கும், அண்ணாச்சி" என்றாள் முதலாளியிடம். அவர் சிரித்துக்கொண்டே அக்ரிலிக் வாங்க ஆள் அனுப்பினார்.

"முதல்ல என் பேரை எடு!" என்று பல்லைக் கடித்தார் இன்ஜினியர்.

"நீங்க சொன்ன சரக்காச்சே சார், லேசுல வராது. சுரண்டணும்" என்று பட்டி பூசும் தகட்டை அவர் கையிலேயே கொடுத்தாள் பேச்சித்தாய்.