டிராகன் கேட்ட கணக்கு

கோவையில் ஒரு மாடி வீட்டில், ஞாயிறுதோறும் பகடை உருட்டிச் சாகசக் கதை ஆடும் கூட்டம் ஒன்று இருந்தது. ஆளுக்கொரு பாத்திரம், பாத்திரத்துக்கொரு தொழில், சுற்றுக்கு ஒரு உருட்டு.

வீட்டுக்காரன் குலசேகரனுக்கு மட்டும் அது போதவில்லை. அவன் பாத்திரம் வாள்வீரன், மந்திரவாதி, திருடன் எல்லாமே. "மூணு தொழில், மூணு உருட்டு" என்பான். வீடும் அவனுடையது, முறுக்குத் தட்டும் அவனுடையது. கதை நடத்தும் அல்போன்ஸ் வாயைத் திறப்பாரா?

புதிதாக வந்த செங்கமலத்தின் பாத்திரம் வெறும் தீவட்டிக்காரி. அவள் முறை வருவதற்குள் எதிரி செத்திருப்பான், அவன் பையும் காலியாகியிருக்கும். பாவம், பகடையை மடியில் வைத்தபடி முறுக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "எனக்கும் ஒரு முறை விடுங்க சார்."

"ஒரு உருட்டுதான் எனக்குன்னு என் வாயால சொல்ல வை. அப்புறம் பாக்கலாம்" என்று சிரித்தான் குலசேகரன்.

அந்நேரம் கதையில் குகை அதிர்ந்தது. "டிராகன் நெருப்புக் கக்குது. ஆளுக்கு ஒரு அடி" என்றார் அல்போன்ஸ்.

செங்கமலம் அல்போன்ஸிடம் அப்பாவியாகக் கேட்டாள். "அண்ணா, வீரனுக்கு ஒண்ணு, மந்திரவாதிக்கு ஒண்ணு, திருடனுக்கு ஒண்ணு. சாருக்கு மட்டும் மூணு அடிதானே?"

குலசேகரன் துள்ளி எழுந்தான். "அதெப்படி? நான் ஒரே ஆள்தானே!"

மேசையே குலுங்கிச் சிரித்தது. அவன் முகம் சிவக்க ஒருமுறை உருட்டினான். டிராகன் சாகவில்லை. பழக்கதோஷத்தில் கை மறுபடி பகடைக்கு நீண்டது.

செங்கமலம் முறுக்குத் தட்டை அந்தக் கையில் வைத்தாள்.

"நீங்க சாப்பிடுங்க சார். இப்ப என் முறை."