அண்டத்துக்குக் கட்டிய கயிறு

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை மண்டலகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். நாட்டில் பஞ்சமில்லை, படையெடுப்பு இல்லை. அதனால் ராஜாவுக்கு யோசிக்க நேரம் இருந்தது. ராஜாக்கள் யோசிக்கத் தொடங்கினால் குடிமக்களுக்குத்தான் ஆபத்து.

ஒருநாள் வெற்றிலை மென்றுகொண்டே, "இந்த அண்டம் என்ன வடிவம்?" என்று சபையில் கேட்டார்.

தலைமைப் பண்டிதர் ஞானகடாட்சர் எழுந்தார். அவருக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. கேட்டால் அவரே சொல்வார்.

"முட்டை வடிவம், மகாபிரபு! அடியேன் யோகத்தில் கண்டேன். சகலமும் அதற்குள் அடக்கம். அதற்கு வெளியே எதுவுமே இல்லை. அதே வடிவில் மண்டபம் கட்டி நடுவில் தாங்கள் அமர்ந்தால், தாங்களே அண்டத்தின் நாயகர்!"

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். இடம் பார்க்கும் பொறுப்பையும் பண்டிதரிடமே விட்டார். ஊரில் எத்தனையோ பொட்டல் கிடந்தது. ஆனாலும் பண்டிதர் போட்ட கணக்கில் அண்டத்தின் நடுமையம், விகடகவி ஆமருவியின் அடுக்களையில் வந்து விழுந்தது. பண்டிதர் பேசும்போது சபையில் கொட்டாவி விட்ட ஒரே ஆள் ஆமருவிதான் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம்.

முளையடித்துக் கயிறு கட்டி எல்லை காட்டுவது அந்நாட்டு வழக்கம். கயிற்றுக்குள் நின்று ராஜா "அப்படியே ஆகுக" என்று சொல்லிவிட்டால் பிறகு பேச்சே கிடையாது, இடிக்க வேண்டியதுதான்.

"ஏங்க, இத்தனை வருஷமா ராஜாவைச் சிரிக்க வெச்சீங்க. நம்ம அடுப்பைக் காப்பாத்த ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று மனைவி பூங்காவனம் அழுதாள். ஆமருவி பிறந்த வீடு அது.

மறுநாள் வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டியாயிற்று. ராஜா அடுக்களையில் வந்து நின்றார். வெளியே பண்டிதர் ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். ராஜா வாயைத் திறக்கும் நேரத்தில் ஆமருவி குறுக்கிட்டான்.

"மகாராஜா, தலைமைப் பண்டிதர் எங்கே?"

"அதோ நிற்கிறாரே!"

"அங்கேயா? இந்தக் கயிறுதானே அண்டத்தின் எல்லை, அது கயிற்றுக்கு வெளியே அல்லவா! அண்டத்துக்கு வெளியே எதுவுமே இல்லை என்று அவரே யோகத்தில் கண்டிருக்கிறார். அப்படியானால் பண்டிதரும் இல்லை. இல்லாதவருக்கு இனி பதவி எதற்கு?"

பண்டிதர் வேட்டியை மடித்துக்கொண்டு ஒரே தாவில் உள்ளே வந்தார். தங்கள் பதவிகள் நினைவுக்கு வரவே மந்திரிகளும் தாவினார்கள். யாரோ பூங்காவனத்தின் தோசை மாவில் கால் வைத்தார்.

"பண்டிதரின் மாளிகை வெளியே நிற்கிறதே? இல்லாத மாளிகையில் யார் வேண்டுமானாலும் குடியேறலாம் போலிருக்கிறது" என்றான் ஆமருவி.

"கயிற்றை அவிழ்த்து நீட்டுங்கள்! என் மாளிகையும் உள்ளே வரட்டும்!" என்று பண்டிதரே அலறினார்.

"அரண்மனை, மகாராஜா?"

"இழுங்கடா!" என்றார் ராஜா பதறி.

கோயில், யானைக்கொட்டில், சந்தை எல்லாம் உள்ளே வந்தன. ஊர்க் கயிறு அத்தனையும் முடிச்சுப் போட்டு இழுத்தும் ஆற்றங்கரையோடு தீர்ந்துபோயிற்று.

"அக்கரையில் மகாராணியாரின் பிறந்த வீடு இருக்கிறது. அது இல்லை என்று அறிவித்துவிடலாமா?" என்று ஆமருவி பணிவாகக் கேட்டான்.

எதிரிப் படையைக் கண்டு நடுங்காத ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "ஐயா பண்டிதரே, இது எங்கேதான் முடியும்?"

ஆமருவி முந்திக்கொண்டான்.

"முடிகிற இடத்தைக் கண்டவர் அவர்தானே, மகாராஜா! நுனியைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டட்டும். அதுவரை தாங்கள் அரண்மனையில் அமர்ந்தாலும் அண்டத்துக்குள்தான் அமர்ந்திருக்கிறீர்கள். அதற்கு என் அடுப்பை இடிக்க வேண்டாம்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வீட்டில் இனி எவனும் முளையடிக்கக் கூடாது என்று உத்தரவிட்டு, கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆமருவிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"அந்தக் கயிற்றில் ஒரு துண்டு, மகாராஜா."

மீதிக் கயிற்றின் நுனியோடு பண்டிதர் ஆற்றைத் தாண்டிப் போனார். கேட்டு வாங்கிய துண்டைப் பூங்காவனம் கொல்லையில் கட்டினாள். அன்று மாலையே அண்டத்தின் எல்லையில் ஆமருவியின் வேட்டி காய்ந்தது.

"அண்டம் என்ன வடிவம்மா?" என்று வேலியோரம் கேட்டவர்களுக்கு அவள் துணியைக் காட்டினாள்.

"காத்தடிச்சா ஒரு மாதிரி இருக்கு, அடிக்கலன்னா வேற மாதிரி இருக்கு."