நாக்கை ஏமாற்றித் தின்ற அல்வா

தென்காசிப் பக்கம் ஓர் ஆசிரமத்தில் நடந்ததாக ஒருவர் சொன்னார். அவருக்கும் யாரோ சொன்னதுதான். கேட்டபடி சொல்கிறேன்.

பால்வண்ணம் ஆயுளில் பாதியை அல்வா கிண்டிக் கழித்தவர். சர்க்கரை நோய் வந்ததும் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஆசிரமத்தில் சேர்ந்தார். குரு கோமதி அம்மாள், துறவுக்கு முன் மருத்துவர். பால்வண்ணத்தைவிட வயதில் சிறியவர்.

பால்வண்ணத்தின் கால்விரல் புண் ஆறவே இல்லை. இனியும் சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர் அம்மாளிடம் வந்து புலம்பினார்.

"இனிப்பு ருசிச்சே நாளாச்சும்மா. பெறகு எப்படி ஏறுது?"

"அல்வா தின்னவே இல்லையா, அண்ணாச்சி?"

பால்வண்ணம் தலையைச் சொறிந்தார். "தின்னேன். ஆனா சிறுகுறிஞ்சான் இலையை மென்னுட்டுத்தான். அதை மென்னா நாக்குக்கு இனிப்பே தெரியாது. தெரியாத இனிப்பு எப்படி உடம்புல சேரும்?"

அம்மாள் திட்டவில்லை. பால்வண்ணத்தின் கைவிரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்தார். "இப்ப எனக்கு முன்னால தின்னுங்க."

பால்வண்ணம் இலையை மென்று துப்பினார். மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துத் தின்றார்.

"எப்படி இருக்கு?"

"மெழுகு மாதிரி."

"அதை எதுக்குத் திங்கணும்?"

"தொண்டையில வழுக்கிட்டுப் போகுதே, அந்தச் சொகத்துக்கு."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தார். அளவு விறுவிறுவென்று ஏறியிருந்தது.

பால்வண்ணத்துக்கு முகம் வெளுத்தது. "நாக்கையே ஏமாத்திட்டேன். உள்ள யாரும்மா கண்டுபிடிச்சது?"

"வயித்துக்குப் பின்னால கணையம் இருக்கு. அதுக்கும் ருசி தெரியும்."

"அங்கயும் நாக்கா?"

"நாக்கு இல்லை. ஆனா நாக்கு எதை வச்சு இனிப்பை அறியுதோ, அது அங்கயும் இருக்கு."

பால்வண்ணத்துக்குப் புல்லரித்தது. தூங்கும் பிள்ளையைத் தொடுவதுபோல வயிற்றில் கைவைத்தார். "இருட்டுக்குள்ள உக்காந்து என் அல்வாவை ருசி பாத்துக்கிட்டா இருக்கு?"

"பொறந்ததுலேர்ந்து. நீங்க தின்ன ஒவ்வொரு தடவையும், சர்க்கரையை எறக்க இன்சுலினை அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு."

பால்வண்ணம் மெல்லக் கேட்டார். "கடையில நாலு தடவை பதம் பாத்தாலே எனக்குத் திகட்டிரும். அதுக்குத் திகட்டவே இல்லையாம்மா?"

"திகட்டியிருக்கும், அண்ணாச்சி. சொல்றதுக்கு அதுக்கு வாய் இல்லையே."

பால்வண்ணம் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

பிறகு நான் தேடிப் பார்த்தேன். நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிப் புரதம், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களிலும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.