காருக்கு அடியில ஒரு பேரு

"குருவே, இந்த உலகத்துல குடுத்த வாக்குக்கு ஒரு மரியாத உண்டா, இல்லையா?"

இப்படிக் கேட்டுக்கிட்டே வந்த நயினாரு, செத்துப்போன டிரில்லு மிஷின ரெஜினா முன்னால கிடத்துனாரு. காய்ச்சக்காரப் பிள்ளைய டாக்டர்கிட்ட கிடத்துற மாதிரி.

ரெஜினாவுக்கு முப்பத்திரண்டு வயசு. பாளையங்கோட்டையில பழைய இரும்புக் கடை. குப்பையிலயும் சாக்கடையிலயும் கெடைக்கிற பொம்மைக் காருக்கெல்லாம் அவதான் உயிர் குடுப்பா. நயினாருக்கு அறுபத்தொண்ணு, ரிட்டயர்டு பஸ் கண்டக்டரு. அவகிட்ட சிஷ்யனா சேந்து ஆறு மாசம்.

"குருவேன்னு கூப்பிடாதீங்க அண்ணாச்சி. கூச்சமா இருக்கு."

சொல்லிக்கிட்டே பழைய பிரஷ்ஷ எடுத்து ஒரு பொம்மை ஆம்புலன்ஸுக்குப் பல்லு தேச்சுவிட்டா.

நயினாரு ஆரம்பிச்சாரு. மிஷினு வாங்கிப் பதினோரு நாளு. வாரண்டி ஒரு வருஷம். கம்பெனிக்குப் போன் போட்டா, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்னு ஒரு பொண்ணு தேன் ஒழுகச் சொல்லுதாம். அந்தக் கொரல அப்படியே பேசிக் காட்டுனாரு. அப்புறம் பாட்டு. அதையும் விடல, பாடிட்டாரு: டொய்ங் டொய்ங் டொடடொய்ங்.

"பாட்டு நின்னாத்தான் ஆளு வந்துட்டான்னு அர்த்தம். நாப்பது நிமிஷம் நிக்கல, குருவே."

கடைசியில வந்தவன், தண்ணி பட்டுச்சா, கீழ விழுந்துச்சான்னு போலீசு மாதிரி விசாரிச்சானாம். உள்ள தூசி போயிருக்கும், நீங்க வச்சிருந்த விதந்தான் தப்புன்னு சொல்லிப் போனக் கட் பண்ணிட்டானாம். தொளை போடுற மிஷினுக்குள்ள தூசி போகாம சந்தனமா போகும்?

ரெஜினா சிரிச்சா.

நயினாரு கொஞ்சம் எறங்கி வந்தாரு. மனசுல இருந்ததே வேற.

காரு ஒண்ணு தயாரானா, அதுக்கு அடியில ஊசியால 'ரெ'ன்னு கீறுவா ரெஜினா. நயினாரு தன் கையால பதினாலு காரு முடிச்சாச்சு. பதினாலுலயும் 'ரெ'.

"ஒண்ணுலயாவது 'ந'ன்னு கீறிக்கிடட்டுமா?"

"பாப்போம் அண்ணாச்சி."

ஆறு மாசமா இதே பாப்போம்.

அப்ப ஆட்டோக்கார சுடலை வந்தான். கையில ஒரு செவப்புக் காரு, முன் சக்கரம் ஒண்ணு இல்ல. ராசிக்காக ஆட்டோவுல கண்ணாடிக்குக் கீழ ஒட்டி வச்சிருந்தானாம். ஏறுற சவாரியெல்லாம், இந்தக் காருக்கே சக்கரம் இல்ல, இவன் எங்க நம்மள ஜங்ஷன்ல சேக்கப்போறான்னு எறங்கிப் போயிருதாவளாம்.

அந்தக் காரு நயினாரு கைவேலை. அது அவருக்குத் தெரியும், ரெஜினாவுக்குத் தெரியும். சுடலைக்குத் தெரியாது.

நயினாரு கார வாங்கி, மூக்குக் கண்ணாடிய ஏத்திவிட்டாரு.

"தண்ணி பட்டுச்சா?"

"மழையில ஓட்டுனேன்."

"குலுங்குச்சா?"

"அண்ணாச்சி, அது ஆட்டோ."

"அதான பாத்தேன். இங்கருந்து போகும்போது நல்லாத்தான் போச்சு. நீ வச்சிருந்த விதம் சரியில்ல."

"செஞ்சது யாரு? அவங்கள்ட்ட பேசிக்கிடுதேன்."

நயினாரு டக்குன்னு கார மல்லாத்திப் போட்டாரு.

"இந்தா, அடியில பாரு. 'ரெ'ன்னு போட்டிருக்கா? அங்க கேளு."

சுடலை ரெஜினா பக்கம் திரும்புனான்.

ரெஜினா ஆம்புலன்ஸ ஓரமா வச்சா. கண்ண மூடிக்கிட்டா.

"டொய்ங் டொய்ங்... டொடடொய்ங்..."

சுடலைக்கு ஒண்ணும் புரியல. நயினாருக்குக் காது மடல் சுட்டுச்சு. இருமிப் பாத்தாரு. தலையச் சொறிஞ்சு பாத்தாரு. பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு.

கண்ணத் தொறக்காமலே ஊசிய எடுத்து அவரு பக்கம் நீட்டுனா.

நயினாரு வாங்குனாரு. 'ரெ'வுக்குக் குறுக்க ஒரு கோடு இழுத்தாரு. பக்கத்துல 'ந'ன்னு கீறுனாரு.

"உக்காருப்பா சுடலை. சக்கரம் நான்தான் மாட்டுனேன்."

பாட்டு நின்னுச்சு.